‘ஒத்துக்கிட்டா வீட்டுக்குப் போகலாம்’ என்பது ஆலோசனையல்ல

கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து ஒரு கட்டு மிலாறு சுமந்து வந்த தொழிலாளி ஒருவர் மீது அண்மையில் களவு வழக்குப் போடப்பட்டது. அடுப்பெரிக்க மிலாறு எடுப்பது அந்தத் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக உள்ள வழக்கம். ஆனால் நீதிமன்றத்தில் அவர் அதைச் சொல்லவில்லை. “குற்றத்த ஒத்துக்கிட்டா தண்டப்பணத்தக் கட்டிட்டு இன்னைக்கே வீட்டுக்குப் போகலாம்” என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒத்துக்கொண்டார். அன்று மாலையே வீடு வந்து சேர்ந்தார். அடுத்த வாரம், களவுக் குற்றவாளிக்கு வேலை இல்லை என்று தோட்ட நிர்வாகம் கடிதம் கொடுத்தது. அவருடைய வேலைக்காகச் சங்கம் இன்று போராடுகிறது. அவர் வாயாலேயே ஒத்துக்கொண்ட குற்றம்தான் அதற்குப் பெரிய தடையாக நிற்கிறது.

அவர் செய்தது களவா? நமது நாட்டின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டுக்குரியது. பொருளை எடுத்தது மட்டும் களவாகிவிடும் என்று அது சொல்லவில்லை. பொருளை வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்திருக்க வேண்டும். செயலும் வேண்டும், கெட்ட எண்ணமும் வேண்டும். சம்மதம் வாயால் சொன்னதாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. நடைமுறையிலிருந்து விளங்கிக்கொள்ளும் சம்மதத்தையும் சட்டம் ஏற்கிறது. எல்லோரும் பார்க்க, பட்டப்பகலில், வழமைபோல மிலாறு எடுத்தவருக்குச் சொல்ல நியாயம் இருந்தது. அதைச் சொல்லாமலே வழக்கு முடிந்துபோனது.

இதை வைத்து, தோட்டத்தில் எதையும் எடுக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எடுக்கக் கூடாது என்று நிர்வாகம் தெளிவாக அறிவித்த பிறகு பழைய வழக்கத்தைக் காட்டித் தப்புவது கடினம். “சட்டம் எனக்குத் தெரியாது” என்பதும் நியாயமாகாது.

சட்டம் ஏற்கும் வேறு நியாயங்களும் உண்டு. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்தது குற்றமாகாது. முன்பு 8ஆக இருந்த இந்த வயது எல்லை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 12 ஆனது. 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளைக்குத் தான் செய்ததை விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்கப்படும். சட்டப்படியான வேலையைக் கவனமாகச் செய்யும்போது கெட்ட எண்ணமின்றி நேரும் விபத்தும் குற்றமல்ல. அடிக்க வந்தவரைத் தடுக்கத் தற்காப்புரிமை உண்டு. ஆனால் தேவைக்கு மேலே போகக் கூடாது. ஓடுகிறவரைத் துரத்திப்போய் வெட்டுவது தற்காப்பல்ல. சம்பள நாளில் நடக்கும் சண்டைகளில் “குடிபோதையில் செய்துவிட்டேன்” என்று சொல்கிறார்கள். தானாகக் குடித்தவரைப் பொதுவாகச் சட்டம் குடிக்காதவரைப் போலவே நடத்தும்.

நாம் கூட்டமாகச் செய்யும் காரியங்களில் இன்னும் கவனம் வேண்டும். வேலைநிறுத்தம் குற்றமல்ல, காரியாலயத்துக்கு முன்னால் அமைதியாக நிற்பதும் குற்றமல்ல. ஆனால் ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து, அடிக்கவோ உடைக்கவோ பலவந்தப்படுத்தவோ நினைத்தால் அது சட்டமுரணான கூட்டமாகிவிடும். அந்த நோக்கத்துக்காக ஒருவர் கல்லெறிந்தாலும், அதே நோக்கத்தோடு நின்ற மற்றவர்களும் பொறுப்பாவார்கள். வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றவர் குற்றவாளியல்ல. என்றாலும் கைது நடக்கும்போது அந்த வித்தியாசத்தை யாரும் பார்ப்பதில்லை. கல்லை எடுக்கும் தம்பியின் கையைப் பிடிப்பது, அவனை மட்டுமல்ல நம் எல்லோரையும் காப்பாற்றும்.

கைதாகும் எவரும் குற்றம் நிரூபிக்கப்படும்வரை நிரபராதி. அரசியலமைப்பின் 13ஆவது உறுப்புரை அதைச் சொல்கிறது. ஏன் கைது செய்கிறார்கள் என்பதை அறியும் உரிமையும் அதே உறுப்புரையில் உண்டு. சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றத்தை நிரூபிப்பது வழக்குத் தொடுப்பவரின் கடமை. ஆனால் தற்காப்பு, விபத்து போன்ற விதிவிலக்கைக் கோருகிறவர்தான் அதை எடுத்துக்காட்ட வேண்டும். ஆகவே ஆஸ்பத்திரித் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். பார்த்தவர்கள் யார் என்பதை அன்றே எழுதி வையுங்கள்.

வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தால், தமிழில் வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். சாதாரண சட்டத்தின் கீழ் பொலிஸ் உத்தியோகத்தரிடம் குற்றத்தை ஒத்துக்கொண்டதை நீதிமன்றத்தில் சாட்சியமாக்க முடியாது. ஆனால் நீதவான் முன்னால் “குற்றவாளி” என்று சொன்னால், அந்த வார்த்தையை வைத்தே தீர்ப்பு வரும். பாட்டன் காலத்தில் துரை முன்னால் தலை குனிந்து பழகிய பழக்கம் நீதிமன்றக் கூண்டிலும் நம்மை விடுவதில்லை.

செய்த குற்றத்தை மறைக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. செய்யாத குற்றத்தை ஒரு நாள் அலைச்சலுக்குப் பயந்து ஏற்க வேண்டாம் என்கிறோம். சட்டத்தரணியோடு பேசத் தவணை கேளுங்கள். மொழி விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். வசதியில்லாதவர்களுக்காக 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. கைது நடந்த உடனே, எந்த நேரமானாலும், தோட்டத் தலைவருக்குச் சொல்லி அனுப்புங்கள். தீர்ப்புக்குப் பிறகு வருவதை விட, பொலிஸ் நிலையத்துக்கு உங்களோடு வரவே சங்கம் விரும்புகிறது.