மோட்டார் ரூமுக்குக் கதவு எண் கிடையாது

போன வாரம் மஞ்சள் வேக வைக்கிற படம் போட்டிருந்தேன். கொப்பரை பக்கத்துல தலையில துண்டு கட்டிட்டு நிக்கிறவர் யாருன்னு சிலர் கேட்டிருந்தீங்க. "மண்ணோட மனுஷன்"னு ஒருத்தர் பாராட்டியும் இருந்தார். அந்த அண்ணன் கோயமுத்தூர் மத்திய சிறையில இருந்துட்டு வந்தவர். வரப்புத் தகராறுல ஓங்குன மண்வெட்டி, ஒரு உயிர் போயிடுச்சு. பத்து வருஷத் தண்டனை, கழிவு போக எட்டு வருஷம். இப்ப அந்தப் பாராட்டைத் திருப்பி வாங்கிக்குவீங்களா?

வெளிய வந்தப்போ அம்மா இல்லை. ரெண்டு சென்ட் வீட்டைத் தம்பி வித்துட்டுப் போயாச்சு. ரேஷன் கார்டுல பேரும் எடுத்தாச்சு. திருப்பூர் போனார். பனியன் கம்பெனியில ரெண்டே நாள்ல வேலை கிடைச்சுது. வீடுதான் கிடைக்கலை. அட்வான்ஸைக் கையில வெச்சுட்டே ஏழெட்டு தெரு அலைஞ்சிருக்கார். கடைசியில விஷயத்தைச் சொல்லாம ஒரு ரூம் பிடிச்சார். மூணாம் மாசம் ஓனருக்கு யாரோ சொல்லிட்டாங்க. நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்தா பெட்டியும் பாயும் வாசல்ல கிடக்குது.

அப்புறம் பஸ் ஸ்டாண்டுல பதினாலு மாசம். அந்தப் பக்கம் ஒரு வண்டி காணாமப் போனா முதல்ல இவரைத்தான் எழுப்புவாங்க. தூக்கமில்லாம, குளிக்காம எத்தனை நாளைக்கு மெஷின்ல உட்கார முடியும்? வேலையும் போச்சு. "வேலை கேட்கிறதுக்குக் கூச்சமில்லைங் தம்பி, காலைல எங்கிருந்து வர்றேன்னு கேட்டாத்தான் பதில் இல்லை"ன்னார்.

கோர்ட்டு எட்டு வருஷத்துல விட்டுருச்சு. வாடகை வீட்டு ஓனருங்க போட்ட தண்டனைக்குத்தான் முடிவே காணோம். "எங்க வீட்டுல வயசுப் பொண்ணு இருக்கு"ம்பீங்க. சரி, எங்க வீட்டுலயும் இருக்கு. என் சம்சாரமும் இதையேதான் கேட்டா. நான் பதில் சொல்ல முடியாம ஒரு வாரம் இழுத்தேன்.

செத்தவரோட சம்சாரம் எங்க ஊருலதான் இருக்காங்க. அந்த அக்கா இவர் மூஞ்சியைப் பார்க்க மாட்டேங்கறாங்க. பார்க்க வேண்டியதும் இல்லை. அதனாலதான் இவரை ஊருக்குள்ள வெச்சுக்காம, ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற தோட்டத்துல வெச்சிருக்கேன். அவங்களுக்குக் கோவப்பட உரிமை இருக்கு. உங்களுக்கு இவர் என்னங்க பண்ணினார்?

"போலீஸ் வெரிபிகேஷன் இருக்கே"ன்னு ஒரு சாக்கு. குடி வர்றவங்க விவரத்தைக் கொடுங்கன்னுதான் கேட்கிறாங்க. ஜெயிலுக்குப் போனவனுக்கு வீடு தராதேன்னு எந்தச் சட்டமும் சொல்லலை. 2022 கணக்குப்படி, இந்த நாட்டு ஜெயில்கள்ல இருக்கிறவங்கள்ல நூத்துக்கு 75 பேர் விசாரணைக் கைதிங்க. அவங்க மேல இருக்கிற கேஸ் இன்னும் நிரூபணமே ஆகலை. அவங்க வெளிய வந்தாலும் உங்க மாடி போர்ஷன் பூட்டித்தானே இருக்கும்?

அரசாங்கம் மட்டும் என்ன வாழுதாம்! உள்ள இருக்கிறப்ப தொழில் கத்துக் கொடுக்கிறாங்க, பெட்ரோல் பங்க்குல நிறுத்துறாங்க. நல்லதுதான். வெளிய வந்தப்புறம் படுக்க இடம்? கலைஞர் கனவு இல்லத்துக்கு மூணரை லட்சம் தர்றாங்க, அதுக்கு முதல்ல குடிசையாவது இருக்கணும், இடமும் சொந்தமா இருக்கணும். ஒண்ணுமே இல்லாதவன் அந்த லிஸ்ட்டுலயே வர மாட்டான். விடுதலையாகி வர்றவங்களுக்கு முதல் ஆறு மாசம் தங்க ஒரு ரூமும், அந்த விலாசத்துல ஒரு ஆதாரும் கொடுத்தா, மிச்சத்தை அவங்களே பார்த்துக்குவாங்க.

தயவுசெஞ்சு என்னைப் பெரிய மனசுக்காரன்னு எழுதிடாதீங்க. எனக்கு ராத்திரி காவலுக்கு ஆள் கிடைச்சுது, அவ்வளவுதான். அவர் இருக்கிறது எட்டுக்குப் பத்து மோட்டார் ரூம். கக்கூஸ் கிடையாது. ராத்திரி கரண்ட் வந்து மோட்டார் ஓடினா அந்தச் சத்தத்துலதான் தூங்கணும். வீட்டு வரி இல்லை, கதவு எண் இல்லை. ஆகவே ஆதார்ல இன்னும் தம்பி வித்த வீட்டு விலாசம்தான்.

ரோட்டோரமா இருக்கிற மூலையில ஒரு ரூம் கட்டி, பஞ்சாயத்துல எண் வாங்கி, வாடகைச் சீட்டு எழுதிக் கொடுக்கலாம்னு நினைச்சேன். அது பொதுப் பட்டா. பங்காளிங்க ரெண்டு பேரு கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க. வர்ற வெள்ளிக்கிழமை உட்கார்ந்து பேசறோம். என்ன ஆச்சுன்னு எழுதறேன்.