கொப்புளமும் வைராக்கியமும்

ஜவ்வாது மலைவாசிகள் வெறுங்காலோடு ஏறி இறங்கிப் பழகியவர்களாதலால், அங்குள்ள ஜமுனாமரத்தூர்ப் பக்கம் புதிதாக ஓடப் புகுகிறவனும் கொப்புளத்தைப் பொருட்படுத்தாமல் ஓடினால் பாதம் தானே உரமேறிவிடும் என்று நண்பர் ஒருவர் வாதிக்கிறார். பிள்ளைப் பிராயம் முதல் சிறுகச் சிறுகத் தடித்த தோலையும், நேற்றுவரை நாற்காலியடியில் சுகமாயிருந்த தோலையும் ஒரே தராசில் நிறுத்துவது என்ன நியாயமோ! வெறுங்காலோடு ஓடி 1960-இல் ரோமாபுரி ஒலிம்பிக் மாரத்தானில் வென்ற எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலாவே 1964-இல் டோக்கியோவில் காலணியோடுதான் ஓடி வென்றார்.

வியர்வையில் ஊறிய தோல் காலுறையோடு ஒட்டிக்கொள்ள, உள்ளே எலும்பு மட்டும் அடிதோறும் முன்னும் பின்னும் நகர, இவ்விரண்டுக்கும் நடுவே மேல்தோலின் அடுக்குகள் பிரிந்து, அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்வதே கொப்புளம். இதில் வைராக்கியத்துக்கு என்ன வேலை? மலைச்சாலை இறக்கத்திலோ பாதம் முன்னே சறுக்கி, விரல்நுனிகள் காலணியில் மோதிக்கொண்டேயிருக்கும். ஆகவே குதிகால் அசையாதபடி கயிற்றை இறுக்கி, பருத்தியை விட்டு ஈரம் தங்காத செயற்கை இழைக் காலுறை அணிந்து, தூரத்தை வாரந்தோறும் கொஞ்சமாகக் கூட்டுவதே விவேகம். உராயும் இடத்தில் சாதாரணக் காகிதப் பிளாஸ்திரி ஒட்டுவதால் கொப்புளம் ஏறக்குறைய 40 சதவிகிதம் குறைந்ததாக, நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று கூறுகிறது.

வந்துவிட்டாலோ, வலியில்லாத சிறு கொப்புளத்தை மூடி விட்டுவிடலாம். வலிப்பதை, சுத்திகரித்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, மேல்தோலை மட்டும் உரிக்காமல் கட்ட வேண்டும். நீரிழிவுள்ளவர் ஊசியைத் தொடாமல் வைத்தியரிடம் போகட்டும்.