குடியும் மனநோயும்: எது முந்தியது?
இளம் வயதினரிடம் குடிநோயும் மனநோயும் பெரும்பாலும் கைகோத்தே வருகின்றன. மனநலக் கோளாறுகளில் ஏறத்தாழ பாதி 18 வயதுக்குள் தொடங்கிவிடுவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பதற்றத்தால் தூக்கம் கெட்ட மாணவனுக்கு முதல் சில முறை மது நிம்மதி தருவது உண்மைதான். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. போதை இறங்கும்போது பதற்றம் முன்னைவிடக் கூடுகிறது. அதைத் தணிக்க மறுபடியும் குடி. நிதானத்தைக் காக்கும் மூளையின் முன்பகுதி 25 வயதை ஒட்டியே முழு வளர்ச்சி பெறுவதால், இச்சுழலிலிருந்து மீள்வது இளைஞர்களுக்குக் கடினம்.

மனச்சோர்வு குடியால் வந்ததா, அதற்கு முந்தியதா என்பதை முதல் நாளே சொல்லிவிட முடியாது. குடியை நிறுத்திய சில வாரங்களில் தானே விலகும் சோர்வு உண்டு. விலகாததற்குத் தனிச் சிகிச்சை வேண்டும். எனவே, "முதலில் குடியை விடட்டும், பிறகு பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்புவது மருத்துவமாகாது. நெடுநாள் அதிகம் குடித்தவர் வீட்டார் வற்புறுத்தலால் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துவதே பாதுகாப்பு.

தமிழகத்தில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது என்பது விதி (வயதுச் சான்று கேட்கப்படுகிறதா என்பது வேறு கதை). 2022-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசி மனநலச் சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே இலவச ஆலோசனை கிடைக்கிறது. அந்த எண்ணைக் கல்லூரி விடுதிகளின் அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கப் பெரிய செலவு எதுவுமில்லை.