குறை கண்ணிலா, கதவிலா?

காரைக்குடிக்கு நியோ டைடல் பூங்கா என்ற அறிவிப்பு வந்தது முதல் செட்டிநாட்டிலே புதிய பேச்சொன்று கிளம்பியிருக்கிறது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிய காலம் போயிற்று. பிழைப்புத் தேடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் பேருந்தேறும் காலமும் போகும். கணினித் தொழில் இனி நம் வாசலுக்கே வரும் என்கிறார்கள். வரட்டும், வரவேற்போம். 1953-ல் மின்வேதியியல் ஆராய்ச்சிக் கூடம் திறக்கப்பட்ட ஊர் இது. அதற்கென 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அள்ளித் தந்த வள்ளல் அழகப்பரின் ஊர் இது. அறிவுத் தொழில் இங்கே வருவதில் வியப்பில்லை.

ஆனால், நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அந்த வாசல் யார் யாருக்குத் திறக்கும்? ஏழை வீட்டுப் பிள்ளைக்குத் திறக்குமா என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். இன்று இன்னொன்றையும் சேர்த்துக் கேட்போம்: கண் பார்வையற்ற ஏழை வீட்டுப் பிள்ளைக்குத் திறக்குமா? 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடுள்ளோர் 50 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் ஒரு லட்சத்து 27 ஆயிரம் பேர். இவர்கள் அனைவரும் கூடை பின்னவும் ஊதுவத்தி விற்கவுமா பிறந்தார்கள்?

"கண் தெரியாதவர் கணினியில் என்ன செய்ய முடியும்?" என்று கேட்பார் உண்டு. கேட்பவர் கெட்டவரல்ல, அறியாதவர். அவருக்கு விளக்குவது நம் கடமை.

அச்சுக்கூடத்தில் உழைத்த மூத்த தோழர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஈய எழுத்து அடுக்கிய நாளில், அச்சுக்கோப்பவரின் கண் கையெழுத்துப் படியில் இருக்கும்; கையோ எழுத்துப் பெட்டியின் அறைக்குத் தானே சென்று வேண்டிய எழுத்தை எடுத்து வரும். லாரி ஓட்டும் தோழர் கியரைப் பார்த்தா மாற்றுகிறார்? கைக்குத் தெரியும் வழி, கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. பார்வையற்ற மென்பொருளாளர் செய்வதும் அதுதான். சுட்டியை நகர்த்தி அம்புக்குறியைத் தேட அவரால் இயலாது, தேடவும் தேவையில்லை. விசைப்பலகை முழுவதும் அவர் விரலில் இருக்கிறது. திரையில் வரும் எழுத்தைக் குரலாக்கி அவர் காதிலே சொல்கிறது ஒரு மென்பொருள். அதற்குத் திரைவாசிப்பான் என்று பெயர்.

என்விடிஏ என்றொரு திரைவாசிப்பான். இணையப் பக்கத்தில் எச் என்ற விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். கே தட்டினால் அடுத்த இணைப்புக்கு. பி தட்டினால் அடுத்த பொத்தானுக்கு. கண்ணுள்ளவர் பக்கத்தை மேலும் கீழும் மேய்ந்து கொண்டிருக்கும் நேரத்தில், இவர் இரண்டு தட்டில் வேண்டிய இடத்தில் நிற்கிறார். நிரல் எழுதும் விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற கருவியில் எஃப்8 தட்டினால் பிழையுள்ள வரிக்கே கொண்டு சேர்க்கும். கண்ட்ரோலையும் ஜி-யையும் சேர்த்துத் தட்டி எண்ணைச் சொன்னால், ஆயிரமாவது வரியாயினும் அங்கே போய் நிற்கலாம். பைத்தான் என்ற நிரல்மொழியில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்கே பொருளுண்டு; அதைக் கண்ணால்தானே அளக்க முடியும் என்பீர்கள். அந்த இடைவெளியையும் ஒலியாக்கித் தருகிறது என்விடிஏ. வரி உள்ளே தள்ளத் தள்ளச் சுருதி ஏறும். காது அளந்து சொல்லும்!

இவற்றையெல்லாம் ஆக்கியவர் யார்? அங்கேதான் வியப்பு. அமெரிக்காவில் டெட் ஹென்டர் என்பவர் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1978-ல் விபத்தில் பார்வையிழந்தார். அவர் தொடங்கிய நிறுவனத்திலிருந்து 1989-ல் வந்தது ஜாஸ் என்ற திரைவாசிப்பான். பூனாவில் வளர்ந்த டி.வி.ராமன் 14 வயதில் பார்வையிழந்தார். மும்பை ஐஐடியில் கணிதம் பயின்று, 1994-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். நிரலாளர்க்கென ஈமாக்ஸ்பீக் என்ற பேசும் கருவியைப் படைத்தார். 2005-ல் கூகுளில் சேர்ந்தார். ஜாஸின் விலையோ பல்லாயிரம் ரூபாய். ஏழைக்கு எட்டாக் கனி. அந்த வேலியை உடைக்க 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் என்விடிஏ-யைத் தொடங்கினார். அவரைப் போலவே பார்வையற்ற ஜேம்ஸ் டே தோள் கொடுத்தார். யாரும் காசின்றிப் பெறலாம். யாரும் திருத்தி வளர்க்கலாம். இன்று அது தமிழும் பேசுகிறது.

முற்பிறப்பின் வினை என்று சொல்லி மூலையில் உட்கார வைத்தது பழமை. மூளை இருக்கிறதே, முடக்குவானேன் என்று கேட்டது அறிவு. வினையைத் தீர்க்க எந்த வேள்வியும் உதவவில்லை. பார்வையற்றோரே தம் கையால் செய்த கருவிதான் உதவியது. சுயமரியாதைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அப்படியானால் தடை எங்கே? கதவிலே! பொத்தானுக்குப் பெயரிடாமல் வெறும் படத்தை வைக்கிறார்கள். திரைவாசிப்பான் "பொத்தான், பொத்தான்" என்று அரற்றுகிறது. சுட்டியால் இழுத்து வைத்தால்தான் விடை என்று வேலைத் தேர்வை அமைக்கிறார்கள். விசையால் எல்லாம் செய்யத் தெரிந்தவர், வேலை தெரிந்தும் வெளியே நிற்கிறார். நெளிந்து வளைந்த எழுத்துப் படத்தைக் காட்டி, இதைப் படித்து நீ மனிதன்தான் என்று நிரூபி என்கிறது இணையதளம். பார்வையற்றவரை நோக்கி, நீ மனிதனா என்று கேட்கும் துணிவை இயந்திரத்துக்குக் கொடுத்தவர் யார்?

சட்டம் இல்லாமலில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு வேலையில் 4 விழுக்காடு ஒதுக்குகிறது. அதில் ஒரு விழுக்காடு பார்வையற்றோர்க்கும் பார்வைக் குறைபாடுள்ளோர்க்கும். தனியார் துறைக்கோ கட்டாயமில்லை; 5 விழுக்காடு எடுத்தால் ஊக்கம் தரலாம் என்று மட்டும் சொல்கிறது. கணினி வேலை பெரும்பாலும் தனியாரிடம் இருக்கையில், இது பசித்தவனுக்கு விருந்தின் வாசனையைக் காட்டுவதாகாதா? 2024 நவம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகளை வெறும் பரிந்துரையாக வைத்திருப்பது சட்டத்துக்கு ஒவ்வாதது என்று ஒன்றிய அரசின் 15-ஆவது விதியைச் செல்லாதென்றது. கட்டாய விதிகளை வகுக்க மூன்று மாதக் கெடுவும் விதித்தது. 2025 ஏப்ரல் 30-ல், இணையச் சேவையை அணுகுவதும் வாழ்வுரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்தது. ஏழாண்டுகளுக்கு மேலாக விதியைச் சட்டத்துக்கு முரணாக வைத்திருந்தவர் டில்லியில் ஆள்வோர்; அதை நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று.

டில்லியைச் சாடிவிட்டு நாம் கை கழுவிக் கொள்ளலாமா? கூடாது. அண்மையில் கூட்டம் முடிந்து இறங்கியபோது, பார்வையற்ற இளைஞர் ஒருவர் வந்து கையைப் பற்றினார். நிரல் எழுதுகிறவர், நம் குடும்பத்துப் பிள்ளை. "அண்ணே, நீங்க எழுதினதுல ஒரு வரிகூட நான் படிச்சதில்லை. பேப்பரை வாட்ஸ்அப்புல அனுப்புறாங்க. என் கம்ப்யூட்டர் அதைப் 'படம்'னு மட்டும் சொல்லிட்டு நின்னுடுது" என்றார். குற்றம் சாட்டவில்லை, சிரித்துக் கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பு இன்னும் சுடுகிறது.

ஆம், நம் துண்டறிக்கையும் படம், தீர்மானமும் படம், தொழிற்சங்கச் சுற்றறிக்கையும் படம். எழுத்தாக வைத்தாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து வைக்கிறோம். அதற்குள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே போர்த்தியிருப்பது தமிழ்த் தோற்றம். கண்ணுக்குத் தமிழ், காதுக்கு உளறல்! 1999-ல் தமிழிணைய மாநாடு கூட்டித் தமிழுக்கு ஒரே விசைப்பலகை கண்ட நாடு இது. 2010-ல் ஒருங்குறியை அரசாணையாக ஏற்ற நாடு இது. ஊனமுற்றோர் என்ற சொல்லை அகற்றி மாற்றுத்திறனாளிகள் என்று அழைக்கக் கற்றுக் கொடுத்தவர் கலைஞர். சொல்லை மாற்றினோம், செயலை மாற்ற மறந்தோம்.

எனவே, நாம் கேட்பது இரண்டு; செய்ய வேண்டியது ஒன்று. அரசின் நிலத்திலும் அரசின் கட்டடத்திலும் குடியேறும் கணினி நிறுவனம் எதுவாயினும், 5 விழுக்காடு வேலையை மாற்றுத்திறனாளிகளுக்குத் தரும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். தேர்வும் அலுவலகக் கருவியும் விசைப்பலகையாலேயே இயங்கத்தக்கனவாக இருக்க வேண்டும். செலவாகும் என்பார்கள், திரைவாசிப்பான் இலவசம், பொத்தானுக்குப் பெயரிட ஆகும் செலவு பத்து விநாடி. அடுத்து, அரசின் ஒவ்வொரு ஆணையும் படிவமும் ஒருங்குறி எழுத்தாக வெளிவர வேண்டும், படமாக அல்ல.

செய்ய வேண்டியது, தேவகோட்டையிலும் புதுவயலிலும் காரைக்குடியிலும் கிளை நடத்தும் தோழர்களே, உங்கள் கையில் இருக்கிறது. அடுத்த கூட்ட அறிவிப்பைப் படமாக அனுப்பும்போது, அதன் கீழே அதே செய்தியை ஒருங்குறியில் நான்கு வரி தட்டிச் சேருங்கள். நாங்களும் இந்தப் பத்தியை இனி எழுத்தாகவே அனுப்பி வைப்போம். அந்த இளைஞரின் கணினி "படம்" என்று சொல்லி நிற்காமல், "தோழரே" என்று தொடங்கட்டும்!