தீபாவளித் திரையில் எங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு மாலைக் காட்சி

கொழும்பில் தமிழ்ப் படங்களுக்குத் திரையரங்கத் திகதிகளைத் தீர்மானிக்கும் பொறுப்பிலுள்ள ஐயா அவர்களுக்கு,

உங்கள் கந்தோருக்கு நாங்கள் தந்த மனுக்கள் எந்தக் கோப்பில் கிடக்கின்றன என்று உங்கள் உதவியாளருக்கே தெரியவில்லை. நேரில் வந்தால் நீங்கள் கூட்டத்தில் இருக்கிறீர்கள். தொலைபேசி எடுத்தால் அடுத்த கிழமை பார்ப்போம் என்கிறார்கள். தீபாவளியோ நெருங்கிவிட்டது. ஆகவே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எல்லோரும் வாசிக்கட்டும் என்று இதைப் பகிரங்கமாக எழுதுகிறேன். உள்ளூர்ப் படங்களுக்கு என்னென்ன ஏற்பாடு உண்டு என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. போன தீபாவளிக் கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

திரைப்படப் பயிற்சி முடித்த எங்கள் பிள்ளைகள் சிலர் சேர்ந்து ஒரு முழுநீளப் படம் எடுத்தார்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்து முதுகு போன ஒரு தகப்பன். ஜம்பட்டா வீதியில் தையல் கடையில் வேலை செய்யும் அவருடைய மகள். கதை முழுவதும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலேயே நடக்கிறது. இயக்கியவள் அதே ஒழுங்கைகளில் வளர்ந்தவள். அவளுடைய தாயின் தாலிக்கொடி அடகில் இருக்கிறது. மாமியின் சீட்டுக்காசு கமெரா வாடகைக்குப் போனது. பகலில் வாடகை கட்டாது என்பதால் ஒலிக்கலவை வேலையை இரவிரவாகச் செய்தார்கள்.

தீபாவளி அன்று மாலைக் காட்சி என்று எழுத்தில் தந்தீர்கள். அதை நம்பிச் சுவரொட்டி அடித்தார்கள், செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வரை தாங்களே ஒட்டினார்கள். பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது செய்தி வந்தது: சென்னையிலிருந்து வரும் பெரிய படத்துக்கு மேலதிகக் காட்சிகள் தேவையாம். மாலைக் காட்சி போய்விட்டது. அதற்குப் பதிலாகக் கிடைத்தது ஒரு வேலைநாளில் காலைப் பத்தரை மணிக் காட்சி.

அப்படியும் சனம் வந்தது. கொட்டாஞ்சேனைத் தாய்மார் புறக்கோட்டையில் பஸ் மாறி வந்தார்கள். துறைமுகத் தொழிலாளர்கள் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தார்கள். பெரிய படத்தின் சிறப்புக் காட்சிக்கு முன்மண்டபத்தில் அலங்காரம் நடந்ததால் கதவு பிந்தித் திறந்தது. படத்தில் இன்னும் இருபது நிமிடம் இருந்தபோது திரை இருண்டது. விளக்குகள் எரிந்தன. துடைப்பத்தோடு ஆட்கள் உள்ளே வந்து, அடுத்த காட்சிக்கு நேரமாகிவிட்டது, வெளியே போங்கோ என்றார்கள். மகள் தகப்பனிடம் மறைத்த உண்மையைச் சொல்கிற இடம் அந்த இருபது நிமிடத்துக்குள்தான் இருக்கிறது. படத்தை எடுத்ததே அதற்காகத்தான்.

அந்த நேரம் நீங்களும் அதே கட்டடத்தில் இருந்தீர்கள். சிறப்புக் காட்சிக்கு விளக்கேற்ற வந்திருந்தீர்கள். படத்தை இயக்கிய பிள்ளை உங்கள் முன்னால் வந்து நின்று, "சேர், இருபது நிமிசம் மட்டும் தாங்கோ" என்று கேட்டாள். பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டு மாலை வாங்கப் போனீர்கள். ரிக்கெட் காசைத் திரையரங்கம் திருப்பித் தரவில்லை. வாசலில் நின்று பிள்ளைகள்தான் தங்கள் கைக்காசை எண்ணிக் கொடுத்தார்கள்.

நாங்கள் சென்னைப் படங்களுக்கு எதிரானவர்கள் அல்லர். தீபாவளி விடிய எண்ணெய் தேய்த்து முழுகி, புதுச்சட்டையோடு சவோய்த் திரையரங்கப் பக்கம் போன தலைமுறை நாங்கள். பெரிய நடிகரின் படம் ஓடட்டும், நாங்களும் பார்ப்போம். ஆனால் அந்தச் சென்னையிலேயே என்ன நடந்தது என்று பாருங்கள். அடையாறு திரைப்படக் கல்லூரியில் படித்த ஆபாவாணனும் அரவிந்தராஜும் தங்கள் தோழர்களோடு சேர்ந்து எடுத்த 'ஊமை விழிகள்' 1986 ஆகஸ்ட் 15இல், விடுமுறை நாளில், வெளிவந்தது. அடுத்த ஆண்டுத் தீபாவளிக்கு அரவிந்தராஜின் 'உழவன் மகன்' வந்தது. அதே தீபாவளிக்குத்தான் ரஜினியின் 'மனிதன்' வந்தது. மணிரத்னத்தின் 'நாயகன்' வந்தது. 'நாயகன்' படத்தின் கமெராவுக்குப் பின்னால் நின்ற பி.சி. ஸ்ரீராமும் அடையாறில் படித்தவர். படிப்பு முடித்த பிள்ளைகளின் வேலை உச்ச நடிகரின் படத்தோடு ஒரே நாளில் திரைக்கு வந்தது. எது நல்லது என்று சனம் பார்த்துத் தீர்மானித்தது. எங்கள் சனத்துக்கு அந்த உரிமையை ஏன் மறுக்கிறீர்கள்?

நாங்கள் படம் எடுக்கத் தெரியாதவர்களா? 1947இல் வந்த முதல் சிங்களப் பேசும் படம் 'கடவுனு பொறொந்துவ'வைத் தயாரித்த எஸ்.எம். நாயகம் ஒரு தமிழர். 1978இல் மட்டும் 'வாடைக்காற்று', 'நான் உங்கள் தோழன்', 'தென்றலும் புயலும்', 'ஏமாளிகள்' என்று ஈழத்துத் தமிழ்ப் படங்கள் அடுத்தடுத்து வந்தன. 1983 ஜூலைக் கலவரத்தில் தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோவைக் காடையர் கொளுத்தினார்கள். அந்த நெருப்போடு எத்தனை பேரின் தொழிலும் உழைப்பும் போயிற்று! அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள், காட்டுவதற்கு முன்னோரின் படச்சுருள்கள் பெரும்பாலும் மிஞ்சாத இடத்திலிருந்து, திரும்பவும் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய திரையை அணைக்க இந்தமுறை காடையர் தேவைப்படவில்லை. உங்கள் கையெழுத்தே போதுமானதாக இருந்தது. இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது, கோபத்தில்.

இந்தத் தீபாவளிக்கும் இரண்டு படங்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, ஹட்டன் பக்கத்திலிருந்து வெள்ளவத்தைப் புடவைக் கடைக்கு வேலைக்கு வந்த ஒரு பெண்ணின் கதை. மற்றது கொச்சிக்கடை மீன்வியாபாரிகள் பற்றியது. இரண்டையும் எடுத்தவர்கள் பயிற்சி முடித்து வந்த பிள்ளைகள். வெள்ளவத்தையில் ஒன்று, கொட்டாஞ்சேனையில் ஒன்று என்று மாலைக் காட்சி கொடுங்கள். கொடுத்த பிறகு பிடுங்காதீர்கள். தைப்பொங்கலுக்கும் அப்படியே செய்யுங்கள். போன வருடப் படத்தை அந்தச் சனத்துக்கு முழுதாகப் போட்டுக் காட்டுங்கள், இலவசமாக. அந்தக் காட்சிக்கு நீங்களும் வந்து கடைசி இருபது நிமிடத்தையும் இருந்து பார்க்க வேண்டும்.

பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். படத்தை இயக்கிய அந்தப் பிள்ளையின் விலாசம் உங்கள் கோப்பில் இருக்கிறது. அவளுக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து, அந்தக் காலைக் காட்சிக்கு வந்திருந்த ஓர் ஆசிரியர்