நடப்பவனுக்கே நகரம்

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் பிளேஸ் சதுக்கத்தில் மனித நடமாட்டம் அரிது. வாரத்தில் ஐந்து நாள்கள் காலடிகள் மொய்க்கும் அந்தத் திடல், அன்று வெறிச்சோடிக் கிடக்கிறது. வங்கிகளின் கண்ணாடிச் சுவர்கள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. துப்புரவுத் தொழிலாளி ஒருவர் பெருக்கும் ஓசை தெருக்கோடி வரை கேட்கிறது. இதனைக் கண்டு, "ஆகா, என்ன அமைதி!" என்று வியப்போர் உளர். அவர்கள் ஒரு வினாவைக் கேட்க மறந்துவிடுகின்றனர். இவ்விடத்தில் வாழ்ந்த மக்கள் எங்கே?

ஊர் உறங்கும் அமைதி வேறு. ஊரே இல்லாத அமைதி வேறு. 1960களின் தொடக்கம் வரை இத்தெருக்களில் கீழே கடையும் மேலே குடியிருப்புமாக மக்கள் நெருங்கி வாழ்ந்தனர். 1966-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டமும், அதனைத் தொடர்ந்த நகரச் சீரமைப்பும் அவர்களைப் புறநகரின் அடுக்குமாடி வீடுகளுக்கு இட்டுச் சென்றன. சிங்கப்பூர் ஆற்றைத் தூய்மையாக்கும் பணி 1977-இல் தொடங்கி 1987-இல் முடிந்தது. இடையே 1983-இல், ஆற்றில் சரக்கேற்றிய படகுகளெல்லாம் பாசிர் பாஞ்சாங்கிற்கு அனுப்பப்பட்டன. இவற்றால் விளைந்த நன்மையை மறுப்பது நன்றி மறத்தலாகும். காற்றும் வெளிச்சமும் புகாத அறைகளில் குடும்பம் குடும்பமாக முடங்கியிருந்த வாழ்வு மீண்டும் வரவேண்டும் என்று எவரும் விரும்பார். நாறிய ஆற்றுக்காக எவரும் கண்ணீர் விடார். ஆயினும், வீட்டை மாற்றியவர் நினைவையும் அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அது மக்கள் தாமே செய்துகொண்ட இழப்பு. அவ்விழப்பில் தமிழரின் பங்கு பெரிது என்பதே ஈண்டு முன்வைக்கப்படும் வழக்கு.

"நகர மையத்தில் தமிழனுக்கு என்ன இருக்கிறது? அவனுக்குச் சிராங்கூன் சாலை இருக்கிறது, அது போதும்" என்பாருளர். பூவும் புடவையும் வாழையிலைச் சாப்பாடும் கிடைக்கும் இடமே தம் நகரம் என எண்ணும் மனப்பான்மை இது. சிராங்கூன் சாலையின் பெருமை பெரிதே. ஆனால் அதனை மட்டுமே தமிழரின் இடமாகக் கொள்வது, பரம்பரைச் சொத்தில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எழுதிக் கொடுத்துவிடுவதற்கு ஒப்பாகும். இதனை மெய்ப்பிக்க நூலகம் செல்லவேண்டுவதில்லை. ஒரு காலைப்பொழுது மெல்ல நடந்தாலே போதும்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்திலிருந்து நடை தொடங்கட்டும். அவ்வெண்ணிறக் கட்டடம் 1856-க்கும் 1861-க்கும் இடையில் இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்தது. 1825 முதல் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்ட அக்கைதிகள் சாலை வெட்டினர், சதுப்பு நிலத்தைத் தூர்த்தனர், செங்கல் சுட்டனர். அவர்கள் இந்தியாவின் பல பகுதியினர். அவருள் பெரும்பாலாரின் பெயரை இன்று சொல்வார் இல்லை. அங்கிருந்து தெற்கே காவெனா பாலத்தைக் கடந்தால் ஆற்றின் தென்கரை வரும். கரையோரம் சில அடிகள் சென்றால் சூலியா தெரு. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைக் குறிப்பது அப்பெயர். அதற்கு முன் அத்தெரு 'கிளிங்' தெரு என வழங்கியது. அச்சொல்லில் இழிவு கலந்துவிட்டதாக இந்தியச் சமூகத்தார் உணர்ந்தனர், எதிர்ப்பும் தெரிவித்தனர். 1920களின் தொடக்கத்தில் பெயர் மாறிற்று. ஒரு தெருப்பலகையின் மானத்திற்காக அன்றைய மக்கள் வாதாடினர். இன்றோ அப்பலகையின் கீழ் நாள்தோறும் நடந்து செல்லும் தமிழ் அலுவலர்க்கு அதன் பொருள் தெரிவதில்லை. வாதாடி வென்றவரின் வழித்தோன்றல்கள் வென்ற பொருளையே அறியாதிருப்பது எத்துணை அவலம்!

சூலியா தெருவை அடுத்தது மார்க்கெட் தெரு. தமிழர் வாயில் அது 'செட்டித் தெரு'. நகரத்தார் கிட்டங்கிகள் அங்கே வரிசையாக இருந்தன. நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு மரப்பெட்டியும் சாய்வு மேசையுமாகத் தரையில் அமர்ந்து அவர்கள் கொடுத்த கடனில் கடைகளும் தோட்டங்களும் எழுந்தன. வட்டியின் கடுமையைச் சாடியோரும் உண்டு, அதனையும் மறைக்கவேண்டுவதில்லை. கிட்டங்கிகள் இடிக்கப்பட்டன. அப்பகுதியில் 1984-இல் கோல்டன் ஷூ கார் நிறுத்துமிடம் எழுந்தது. 2017-இல் அதுவும் மூடப்பட்டு, வானளாவிய கோபுரம் ஒன்று அங்கே எழும்பிற்று. நாற்பதாண்டுக்குள் ஒரே இடத்தில் மூன்று நகரங்கள்! கட்டடம் நினைவைக் காக்கும் என்று நம்பியிருப்போர் இத்தெருவில் நின்று சிந்திப்பாராக.

இன்னும் சிறிது தொலைவில் தெலுக் ஆயர் தெரு. இன்று கடல் கண்ணுக்கெட்டாத் தொலைவிலிருப்பினும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதுவே கரை. கப்பலில் வந்து இறங்கியோர் முதலில் நன்றி செலுத்திய தலங்கள் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. 1828-க்கும் 1830-க்கும் இடையில் எழுந்த நாகூர் தர்கா. 1842-இல் முடிவுற்ற, சீனரின் தியான் ஹோக் கெங் கோயில். 1827-இல் சிறு குடிசையாகத் தொடங்கியதால் 'குச்சுப் பள்ளி' என்று தமிழரால் அழைக்கப்பட்ட அல் அப்ரார் பள்ளிவாசல். தமிழ் முஸ்லிமும் ஹொக்கியன் சீனரும் ஒரே கரையில் தம் தெய்வத்தை நினைந்தனர். இன நல்லிணக்கத்தைப் பற்றி மேடைதோறும் முழங்குவோர் இத்தெருவில் கால்மணி நேரம் நடந்தால், முழக்கத்தின் பாதியைக் குறைத்துக்கொள்ளலாம்.

அங்கிருந்து மேற்கே சவுத் பிரிட்ஜ் சாலையில் ஸ்ரீ மாரியம்மன் கோயிலும், சூலியர் எழுப்பிய ஜாமிஆ பள்ளிவாசலும் அடுத்தடுத்து உள்ளன. 1819-இல் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, 1827-இல் மரத்தாலும் அத்தாப்பாலும் அமைத்த ஆலயமே இன்று கோபுரத்துடன் விளங்குகிறது. புதிதாக வந்திறங்கிய தமிழர்க்கு அது புகலிடமாகவும் இருந்தது. இத்தனையும் ஒருமணி நேர நடைக்குள் அடங்கிவிடுகின்றன. "தமிழனுக்கு அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டவர் இதன்பின்னும் கேட்பாரா?

வேறு சிலர், "இவற்றையெல்லாம் அரசாங்கமே பாதுகாத்துவிட்டதே" என்பர். உண்மை. மாரியம்மன் கோயில் 1973-லும், நாகூர் தர்காவும் அல் அப்ரார் பள்ளிவாசலும் 1974-லும் தேசிய நினைவுச் சின்னங்களாயின. சைனாடவுன், போட் கீ முதலிய வட்டாரங்கள் 1989-இல் பாதுகாப்புப் பகுதிகளாயின. அரசு சுவரைக் காக்கும், கூரையைச் செப்பனிடும். சுவரின் வரலாற்றைத் தன் பிள்ளைக்குச் சொல்லும் கடமையைச் சமுதாயத்திற்காக அரசு செய்ய இயலாது. 2019 சனவரியில், சிங்கப்பூரின் இருநூறாம் ஆண்டு நினைவின்போது, ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் நாராயண பிள்ளையின் சிலையும் வைக்கப்பட்டது. சில நாள்களில் அது அகற்றப்பட்டது. ராஃபிள்ஸ் 1972 முதல் அங்கேயே நிற்கிறார். அச்சில நாள்களுக்குள் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் அவ்விடம் சென்றன? சென்று பாராதவர்க்குச் சிலை அகன்றதென்று வருந்தும் உரிமையும் இல்லை.

"வெயிலில் நடப்பது வேலையற்றவர் செயல், பெருவிரைவு ரயிலும் குளிரூட்டிய பேரங்காடியும் இருக்க, கால் எதற்கு?" என்று ஏளனம் செய்வோரும் உளர். இந்நகரின் வரலாற்றை அறியாதார் கூற்று அது. 1822-இலேயே ராஃபிள்ஸ் வகுத்த நகர அமைப்பு விதிகளில், ஒவ்வொரு வீட்டின் முன்னும் கூரையிட்ட தாழ்வாரம் இருக்கவேண்டும், அது எந்நேரமும் மக்கள் நடந்து செல்லத் திறந்திருக்கவேண்டும் என்பதும் ஒன்று. தமிழர் 'அஞ்சடி' என்றும் மலாய்க்காரர் 'காக்கி லிமா' என்றும் வழங்குவது அதனையே. வெயிலும் மழையும் தாக்காது நடக்கும் உரிமையை இந்நகரம் பிறந்த மூன்றாம் ஆண்டிலேயே ஏழைக்கும் அளித்தது. கடைக்காரர் அவ்வழியைப் பிடித்துக்கொண்டனர். 1888-இல் நகராண்மைக் கழகம் அதனை மீட்க முயன்றபோது கடைகள் அடைபட்டன, கலகமும் மூண்டது. நடைபாதை வீணர்க்குரியதாயின் அதற்காக ஒரு நகரமே மோதிக்கொண்டிருக்குமா? காவெனா பாலத்தின் முகப்பில் பழைய அறிவிப்புப் பலகை இன்றும் இருக்கிறது. மூன்று அந்தருக்கு மேல் எடையுள்ள வண்டிக்கும், மாட்டுக்கும் குதிரைக்கும் அங்கே அனுமதியில்லை. 1910-இல் அருகே ஆண்டர்சன் பாலம் வந்து பாரத்தை ஏற்றுக்கொண்டது. காவெனா பாலம் இன்று நடப்பவர்க்கே உரியது. விரைந்து செல்பவன் ஊரைக் கடக்கிறான். நின்று நடப்பவனுக்குத்தான் ஊர் தன் கதையைச் சொல்லும்.

ஒன்று மட்டும் மறக்கலாகாது. அந்த ஞாயிற்றுக்கிழமை அமைதியிலும் தமிழ் ஒலிப்பதுண்டு. கட்டுமானத் தளத்தின் ஓரத்தில் நிழல் தேடி அமர்ந்து, ஊரிலுள்ள தாயிடம் கைப்பேசியில் பேசும் தொழிலாளியின் தமிழ் அது. முன்னர்ச் செங்கல் சுட்டவரின் இடத்தில் இன்று இரும்பு கட்டுபவன் அவன். செட்டித் தெருவின் கோபுரங்கள் அவனையொத்தவர் கைகளால் எழுந்தவை. அவனைக் கண்டும் காணாததுபோல் செல்லும் சமுதாயம், தன் முன்னோரையும் அவ்வாறே கண்டும் காணாதிருக்கிறது. இரண்டும் ஒரே குருட்டுத்தனம்.

ஆண்டுக்கு ஒருமுறை, தீமிதித் திருநாளின்போது, சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் வரை ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தொலைவு தமிழர் வெறுங்காலோடு நடக்கின்றனர். அன்று மட்டும் நகரின் இரு பகுதிகளும் ஒன்றாகின்றன. நேர்த்திக்கடனுக்காக ஓரிரவு நடக்கும் கால்கள், அறிவுக்காக ஒரு காலை நடக்கலாகாதா? தமிழாசிரியர் தம் மாணவரை ஆண்டுக்கொருமுறை தெலுக் ஆயருக்கு அழைத்துச் செல்லட்டும். எழுத்தாளர் கழகங்கள் தம் கூட்டங்களுள் ஒன்றையேனும் மண்டபத்தை விட்டுத் தெருவில் நடத்தட்டும். பெற்றோர் விடுமுறைக் காலை ஒன்றைப் பேரங்காடிக்குத் தராமல் அஞ்சடிக்குத் தரட்டும். இவற்றிற்குக் கட்டணமுமில்லை, அனுமதிச் சீட்டும் வேண்டா.

தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. அந்நிலைக்குச் சட்டம் சான்று. ஆனால் சட்டத்திற்குப் பின்னால் நிற்கும் சான்று, இம்மண்ணில் பதிந்த காலடிகளே. அவற்றைத் தேடிச் செல்லாத சமுதாயம் தன் பத்திரத்தைத் தானே தொலைத்துவிட்டு, பிறர் படித்துக் காட்டக் காத்திருக்க நேரும். நகர மையத்தின் அமைதி எவரையும் வரவேண்டாமென்று தடுக்கவில்லை. தெருக்கள் திறந்தே கிடக்கின்றன. நடப்பவர்தாம் இல்லை.