நம் முற்றத்துக் கடிமரங்கள்

சங்க காலத்தில் பகையரசனின் கடிமரத்தை வெட்டி வீழ்த்துவது அவனை வென்றதற்கு அடையாளம். நன்னனின் மாமரத்தைக் கோசர் வெட்டிய செய்தி குறுந்தொகையில் உண்டு. (மலைபடுகடாம் பாடும் நம் செங்கத்து நன்னன் வேறு என்பர்.) ஆக, அன்று மரத்தை வெட்டப் பகைவன் படைதிரட்டி வரவேண்டியிருந்தது. இன்று நம் முற்றத்து மரத்தை நாமே ஆள்வைத்து, கூலியும் கொடுத்து வெட்டுகிறோம்.

அடி அண்ணாமலையைத்தான் சொல்கிறோம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஆதி அருணாசலேசுவரர் கோயில் கொண்டுள்ள ஊர். மாவும் கொய்யாவும் எலுமிச்சையும் நின்ற கொல்லைகள், பௌர்ணமிக் கூட்டத்திற்கான வாடகை அறைகளாகவும் வண்டி நிறுத்துமிடங்களாகவும் மாறிவருகின்றன. 2016இல் கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்கள் வெட்டப்பட்டபோது விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. சாலையோர மரத்திற்காகப் பதறிய நாம், வீட்டு மரம் விழும்போது மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை?

காரணங்கள் தயாராக இருக்கின்றன. முதலாவது, இலை உதிர்ந்து குப்பையாகிறதாம். சருகைக் குப்பை என்று கூட்டி எரித்துவிட்டு, உர மூட்டைக்குக் காசு கொடுக்கும் அறிவை என்னென்பது! அச்சருகையே மரத்தடியில் பரப்பினால் கோடையில் ஈரம் காக்கும், மட்கி எருவாகும்.

இரண்டாவது, வேர் சுவரைப் பிளக்குமாம். சுவரோரத்தில் மாங்கன்றை நட்டது யார் பிழை? மாவிற்கு ஐந்தாறு மீட்டராவது விலகல் வேண்டும். அவ்வளவு இடமில்லாதோர்க்குக் கொய்யா, மாதுளை, எலுமிச்சை, சீத்தா இருக்கின்றன. சீத்தாவோ, நம் மலையடிவாரத்துச் சரளை மண்ணிலும் சலிக்காமல் காய்ப்பது.

மூன்றாவது, "வைத்தோம், காய்க்கவில்லை" என்பது. இதுதான் பெரிய அநீதி. ஒட்டுக்கன்றை ஒட்டுப்பகுதி புதையும்படி நடுகிறோம். ஒட்டிற்குக் கீழே கிளைக்கும் தளிரைக் கிள்ளாமல் விட, வேர்ச்செடி வளர்ந்து நல்ல இனம் மெலிகிறது. உணவும் நீரும் உறிஞ்சும் வேர்கள் கிளைகளின் விளிம்புக்குக் கீழே பரந்திருக்க, நாமோ தண்டை ஒட்டியே நீர் ஊற்றி அடிமரத்தை அழுகவைக்கிறோம். பூக்குமுன் ஓரிரு மாதம் மாவுக்கு நீரை நிறுத்த வேண்டும். நாம் அப்போதுதான் அன்பைச் சொரிகிறோம். கொய்யா புதுத் தளிரில் காய்ப்பது. அதைக் கவாத்து செய்யாமல் விட்டுவிட்டு மலடு என்கிறோம். மாமரம் ஓராண்டு காய்த்து மறு ஆண்டு ஓய்வது இயல்பு. அந்த ஓய்வாண்டில்தான் பெரும்பாலும் கோடரி வருகிறது.

நாமும் குற்றவாளிகளே. எம் வீட்டு மாமரத்தின் அடிவரை தளக்கல் பதித்து, முற்றம் துப்புரவாயிற்று என்று மகிழ்ந்தோம். மூன்றாம் ஆண்டில் நுனிக்கிளைகள் காய்ந்தன. பூச்சியென்று நினைத்து மருந்தடித்தோம். மழைநீரும் காற்றும் புகாமல் வேர் திணறுகிறது என்பது பிந்தியே உறைத்தது. கல்லைப் பெயர்த்து மண்ணைக் கொத்தி எருவிட்டோம். வடகிழக்குப் பருவமழை இருமுறை பெய்து ஓய்ந்தபிறகே மரம் மீண்டது. ஒரு பக்கக் கிளை மீளவேயில்லை.

பழம் பறிக்க மாமரத்தைத் தடியால் அடித்து இலைகளை உதிர்த்தவர்களை ரமணர் கடிந்துகொண்டதாக ஆசிரம நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன. அவர் பெயரைச் சொல்லி அறை வாடகைக்கு விடும் ஊரில், மரத்தையே வேரோடு பெயர்க்கிறோம்.

வாடகை வேண்டாம் என்று எவரையும் தடுக்கவில்லை, பிழைப்பு பெரிது. ஆனால் ஒரு கார் நிற்கும் இடம் ஒரு கொய்யாவிற்குப் போதும். அந்த அளவு மண்ணையாவது சிமெண்டு பூசாமல் விடுவோம். வரும் ஆடியில் குழி எடுத்தால், மூன்றாம் ஆண்டில் பிள்ளைகள் பழம் பறிப்பார்கள்.